சனிக்கிழமை நான் சொல்லப்போற சாட்சி

ராசா,

நேத்து போன்ல நீ கேட்டதுக்கு "சரிடா, வாரேன்"னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன். அது பாதிப் பதிலுதான். மிச்சத்தை எழுத உட்கார்ந்திருக்கேன். போன்ல சொன்னா நீ குறுக்க பாய்வ, நான் பதிலுக்குக் கத்துவேன், ரெண்டு பேருக்கும் ஒரே வாயி, கடைசியில போனைத் தூக்கிச் சுவத்துல எறிவ. போன மாசம் எறிஞ்சது ஞாபகம் இருக்குல்ல? காகிதத்துல எழுதினா நீ கத்தினாலும் அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கும். தோள்பட்டை வலியில உசுரு போகுது, நாலு வரிக்கு ஒருக்கா பேனாவைக் கீழ வச்சு வச்சு எழுதுறேன். அதனால முழுசாப் படி. பாதியில கிழிச்சுப் போட்டன்னா கொன்னுபோடுவேன். பாரு, எழுத உட்கார்ந்து முதல் பத்தி முடியலை, அதுக்குள்ள உன்னையக் கொல்றேன்னு சொல்லிட்டேன். நம்ம வீட்டுப் பாசத்தோட லட்சணமே இதுதான்.

நீ கேட்டதை நான் சரியாத்தான் வாங்கியிருக்கேனான்னு பார்த்துக்க. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு உன் அகாடமி ஆபீஸ்ல விசாரணை. அகாடமி நடத்துறவங்க இருப்பாங்க, வெளியில இருந்து ஒரு வக்கீலம்மா வருவாங்க, அந்தப் புள்ளை நஸ்ரினோட அத்தா சிக்கந்தரும் இருப்பார். "நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. நானும் முப்பது வருசம் இப்படித்தான் அடிச்சுச் சொல்லிக்குடுத்தேன், எம்மகனையும் இப்படித்தான் வளர்த்தேன், அவன் ஒண்ணும் செத்துப்போகலை, ஸ்டேட் மெடல்தான் வாங்கினான்னு சொல்லு. மதுரையில நீச்சல்னா உன் பேச்சை மீறி யாரும்மா பேசுவா?" இதுதானே நீ கேட்டது? அதைச் சொன்னா திங்கக்கிழமை நீ மறுபடி விசிலை மாட்டிக்கிட்டு குளத்தோரத்துல நிப்ப. சொல்லலைன்னா உன் வேலை போயிரும். இதுல எதுவும் எனக்கு விளங்காம இல்லை.

அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு. யார் அனுப்பினாங்கன்னு கேக்காத. பதினோரு வயசுப் புள்ளை, ஏழாவது ரவுண்டுல விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குது. நீ குனியிற. கேப்போட சேர்த்து முடியைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்குற. ஈரக் காதுல, செவிட்டுல விட்ட பாரு ஒரு அறை, அந்தச் சத்தம் இந்தச் சின்ன போன்லயே எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் அது தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன. நான் எண்ணினேன். பழக்க தோஷம், வாட்ச் இல்லாமலே செகண்டு ஓடும் எனக்கு. நாலு செகண்டு. கையும் காலும் தண்ணியில அடிச்சுக்கிட்டது. நீ இடது கையை இடுப்புல ஊனி, நாக்கை மடிச்சுக் கடிச்சுக்கிட்டு, வேற எங்கயோ பார்த்துக்கிட்டு நின்ன. நான் போனைக் கீழ வச்சுட்டேன். நாக்கை மடிச்சுக் கடிக்கிறவ நான்டா. இடுப்புல கையை ஊனுறதும் நான்தான். அந்த வீடியோவுல நிக்கிறது எம்மகன்னு பார்த்தவங்க சொல்றாங்க, எனக்கு என்னையவே யாரோ படம் பிடிச்சு அனுப்பின மாதிரி இருந்துச்சு.

இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு உனக்குச் சொன்னதில்லை. பேரையூருக்குத் தெக்க எங்க தோட்டத்துக் கெணத்துலதான் நான் நீச்சல் படிச்சேன்னு எல்லாருக்கும் பெருமையாச் சொல்லியிருக்கேன். எப்படிப் படிச்சேன்னு சொல்லலை. எங்கய்யா என்னையவும் எங்க அக்காவையும் ஒரே நாள்ல, ஒரே கயித்துல ரெண்டு முனையிலயும் கட்டித் தூக்கிப் போட்டார். நான் தட்டுத்தடுமாறி படிக்கல்லைப் பிடிச்சேன். அய்யா செருப்புக்காலோட வந்து என் விரல் மேல ஏறி நின்னார். "விடு, விட்டாத்தான் வரும்"னு சொன்னார். விட்டேன். எனக்கு நீச்சல் வந்துருச்சு. அக்கா தண்ணி குடிச்சு, வாந்தி எடுத்து, ஒரு வாரம் பிதற்றிக்கிட்டுக் கிடந்தா. இன்னைக்கு வரைக்கும் குடத்துத் தண்ணியைத் தலையில ஊத்திக்க மாட்டா, சொம்புலதான் குளிப்பா. ரெண்டு பேரைப் போட்டதுல ஒருத்திக்கு நீச்சல் வந்துச்சு. நான் அந்த ஒருத்தியை மட்டும் கணக்குல வச்சுக்கிட்டேன், அக்காவை விட்டுட்டேன். அப்புறம் முப்பது வருசமும் அதே மாதிரிதான் பார்த்தேன்.

கோச் வேலை கிடைச்சு முதல் நாள் குளத்துக்குப் போனப்ப சுவத்துல ஒரு மூங்கில் கம்பு மாட்டியிருந்துச்சு. பன்னிரண்டு அடி. முனையில துணி சுத்தியிருக்கும். தண்ணியில தத்தளிக்கிறவனுக்கு நீட்டுறதுக்காக எல்லாக் குளத்துலயும் வைக்கிற கம்பு அது. நான் ஒரு மாசத்துக்குள்ள அந்தத் துணியை அவுத்து எறிஞ்சேன். பன்னிரண்டு அடின்னா பாதம் நனையாம மூணாவது லேன் வரைக்கும் எட்டும். விளிம்பைப் பிடிச்சவனுக்கு விரல்ல, கயித்துல தொங்குறவனுக்கு முதுகுல, திரும்புறப்ப சோம்பல் படுறவனுக்குப் பொடனியில. கம்பைத் தூக்கிக்கிட்டு நான் குளத்தோரத்துல நடந்தா தண்ணியில சளசளன்னு இருந்த பேச்சு அப்படியே அடங்கிரும். அந்த அமைதியை எம்புட்டு ரசிச்சேன்னு நினைக்கிற? சொல்லவே கூசுது, ஆனா ரசிச்சேன். பொம்பளைக் கோச்சுன்னு முதல்ல இளக்காரமாப் பேசின ஆம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. என்னைய "கம்புக்காரம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. எனக்கு அது பட்டம் குடுத்த மாதிரி இருந்துச்சு.

என் பசங்க மூச்சு வாங்குற அழகைப் பத்தி ஒரு கதை உண்டே, நீ கூட உன் பேட்ச்ல சொல்லுவியாமே. வெளியூர்ல இருந்து வந்த ஒரு பெரிய கோச் என் பசங்களைப் பார்த்துட்டு அசந்துபோனார். "என்னம்மா, எல்லாருமே ரெண்டு பக்கமும் மூச்சு வாங்குறாங்க? போகையில இடது, வரையில வலது. இதை எப்படிம்மா பழக்கினீங்க?"ன்னு கேட்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, "எல்லாம் பயிற்சிதான் சார்"னு சொன்னேன். பொய்டா. நான் எப்பவும் குளத்தோட ஒரே ஓரத்துலதான் நடப்பேன். போகையில அந்த ஓரம் அவங்களுக்கு இடது, வரையில வலது. கம்பு வருதான்னு பார்க்கத்தான் அம்புட்டுப் பேரும் என் பக்கமாவே முகத்தைத் திருப்பினாங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சே தலையை ஆட்டி அந்தப் பாராட்டை வாங்கிக்கிட்டேன்.

இந்த சிக்கந்தர் இருக்கார்ல, நஸ்ரினோட அத்தா, அவரும் என்கிட்டப் படிச்ச புள்ளைதான். உனக்கு அது தெரியுமோ தெரியாதோ. டவுனுக்குள்ள கைலிக் கடை வச்சிருந்தவரோட மகன், பன்னிரண்டு வயசு, ஒல்லி, பேசவே மாட்டான். ஒருநாள் கடைசி ரவுண்டுல விளிம்பைப் பிடிச்சான். "கையை எடு"ன்னேன். எடுக்கலை. கம்பைத் தலைக்கு மேல ஓங்கி இறக்கினேன். வலது கை மோதிர விரல், மடக்குன்னு ஒடிஞ்சுச்சு. அவன் அழுகலை. அந்த விரலோட மிச்ச ரவுண்டையும் முடிச்சான். அந்த வருசம் மாவட்டத்துல முதலா வந்தான். விரல் ஒடிஞ்ச மறுநாளே அவங்க அத்தா ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டாந்து குடுத்துட்டு, "கோச்சம்மா, கண்ணை மட்டும் விட்டுருங்க, மத்தபடி நீங்க தோலை உரிச்சாலும் நாங்க கேக்க மாட்டோம்"னு சொல்லிட்டுப் போனார். அடிச்சதுக்கு பிரியாணி. அதைச் சாப்பிட்டுட்டு அடுத்த நாள் எந்தக் கோச்சுடா யோசிப்பா? உங்கப்பா மட்டும் அந்தத் தூக்கைத் தொடலை. அவனியாபுரத்துல லேத் பட்டறையில நாள் முழுக்க இரும்போட மல்லுக்கட்டிட்டு வர்ற மனுசன், "எனக்குப் பசிக்கலை"ன்னு சொல்லிட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்தார். நான் அவரை ஏசினேன்.

ஏன்டி அடிச்சன்னு என்னைய நேருக்கு நேர் கேட்டது ஒரே ஒருத்திதான். மார்க்கெட்ல காய்கறி ஏத்தி இறக்குற பொம்பளை, செல்வின்னு ஒரு புள்ளையோட அம்மா. புள்ளை முதுகுல கம்புத் தழும்பைப் பார்த்துட்டு மறுநாள் காலையில நேரா குளத்துக்குள்ள வந்துட்டா. "எவடி எம்புள்ளையைத் தொட்டவ?"ன்னு கேட்டுக்கிட்டே வந்து, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கன்னத்துல ஒண்ணு விட்டா. கண்ணுல பூச்சி பறந்துச்சு. நானும் விடலை. அவ கொண்டையைப் பிடிச்சேன், அவ என் முழங்கையில பல்லை இறக்கினா, ரெண்டு பேரும் ஈரத் தரையில உருண்டோம். நாப்பது புள்ளைக தண்ணிக்குள்ள நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சுக. வாட்ச்மேன் வந்து அவளைத்தான் வெளியில இழுத்துட்டுப் போனார், என்னைய இல்லை. செல்வியைப் பேட்சுல இருந்து நீக்கினேன். அவ அளவுக்குத் தண்ணியில வழுக்கிக்கிட்டுப் போன புள்ளையை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. முழங்கையில பல் தடம் இன்னும் இருக்கு. சின்னதுல நீ அதைத் தடவித் தடவி "என்னம்மா இது?"ன்னு கேப்ப, "நாய் கடிச்சது"ன்னு சொல்லுவேன். அந்தத் தாய்க்கு நான் வச்ச பேரு அது. என் வாய் அழுகிப்போகணும்டா.

நீ சொல்லலாம், "அதெல்லாம் அந்தக் காலம், எனக்கு ஒண்ணும் ஆகலையே, நான் நல்லாத்தானே இருக்கேன்?"னு. நேத்தும் அதைத்தான் சொன்ன. இரு, அதுக்கு வாரேன். முதல்ல இன்னைக்கு நடந்ததைக் கேளு.

இன்னைக்கு மத்தியானம் சுண்டைக்காயை நசுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், வாசல்ல சிக்கந்தர் வந்து நின்னார். முன் தலை வழுக்கை, கண்ணாடி, சட்டைப் பையில மருந்துச் சீட்டு. சண்டைக்குத்தான் வந்துருக்கார்னு நினைச்சு நான் எந்திரிச்சு நின்னேன். நின்னதுமே கை தானா அருவாமணைப் பக்கம் போச்சு, என் புத்தி அப்படி. அவர் செருப்பைக் கழட்டிட்டு, "உட்காருங்க கோச்சம்மா, நான் சத்தம் போட வரலை"ன்னார். தண்ணி குடுத்தேன். டம்ளரை வாங்குன கையில மோதிர விரல் மட்டும் மடங்காம விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அவர் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

"நீங்க சனிக்கிழமை வாறீங்களாமே"ன்னு கேட்டார். ஆமான்னேன். "எம்புள்ளையை உங்க மகன்கிட்டக் கொண்டுபோய் விட்டது நான்தான் கோச்சம்மா. கம்புக்காரம்மா மகன், கண்டிப்பா இருப்பார், என்னைய மாதிரியே எம்புள்ளையும் வரும்னு நானாத்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு அடி விழும்னும் தெரியும். அல்லா மேல சத்தியமாச் சொல்றேன், தெரிஞ்சேதான் விட்டேன். அந்தக் குத்தம் என்கிட்டயும் இருக்கு." டம்ளரைக் கீழ வச்சார். அப்புறம் சொன்னார். "காதுச் சவ்வு கிழிஞ்சிருச்சு. டாக்டர் தண்ணிப் பக்கமே போகக்கூடாதுங்கிறார். அது ஆறிரும்னு வச்சுக்கங்க. நேத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஃபேன் போட சுவிட்சுப் பக்கம் கையைத் தூக்குறேன், எம்புள்ளை ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டு மூலையில உட்கார்ந்துருச்சு. நான் அதோட அத்தா. அது பிறந்ததுல இருந்து ஒரு தடவை கூடக் கை ஓங்குனது இல்லை. என்னையப் பார்த்துப் பொத்துது கோச்சம்மா." அந்த மனுசன் அழுதார். விரல் ஒடிஞ்சன்னைக்கு அழாதவர் எங்க வீட்டு நாற்காலியில உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார்.

எனக்கு அதுக்கு மேல அவர் பேசுனது எதுவும் காதுல விழலை. ரெண்டு கையாலயும் தலையைப் பொத்துனதுன்னு சொன்னார் பாரு, அதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். பத்தொன்பது வருசமா யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். உங்கப்பாகிட்டக் கூட சொல்லலை, அவர் அதைத் தெரிஞ்சுக்காமலே போய்ச் சேர்ந்துட்டார். இப்ப உன்கிட்டச் சொல்லித்தான் ஆகணும்.

உனக்குப் பன்னிரண்டு வயசு. ஸ்டேட் போட்டிக்கு இன்னும் எட்டு நாளு. நீ இந்தக் கதையை ஒரு விதமாச் சொல்லுவ: "கால்ல நரம்பு இழுத்து நான் முங்கிட்டேன், எங்கம்மா சேலையோட குதிச்சு என்னையத் தூக்குனாங்க, எட்டே நாள்ல மெடல் வாங்குனேன், அதுதான் எங்கம்மா வளர்ப்பு." பேட்டியில சொன்ன, கல்யாண மேடையில சொன்ன, பேட்ச்ல சேர்ற ஒவ்வொரு புள்ளைகிட்டயும் சொல்ற. நானும் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். நடந்தது அது இல்லை.

கோச் மகன்னு சலுகை குடுக்கிறேன்னு யாரும் சொல்லிரக்கூடாதுன்னு உன்னைய மத்தவங்களை விட ரெண்டு மடங்கு அடிப்பேன், அது உனக்கே தெரியும். அன்னைக்கு காலையில மட்டும் முதுகுல நாலு, கையில ரெண்டு போட்டிருந்தேன். அப்புறம் ஆழமான பக்கத்துல உன் தலை ஒரு தடவை உள்ள போச்சு. வந்துச்சு. மறுபடியும் போச்சு. நான் குளத்தோரத்துல நின்னுக்கிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "நடிக்காதடா நாயே, நீந்து." அப்படித்தான்டா சொன்னேன். மூணாவது தடவை தலை வந்தப்ப வாயி தண்ணிக்கு மேல வரலை, கண்ணு மட்டும் வந்துச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. கம்பை எடுத்து நீட்டினேன். முதல் முதலா அந்தக் கம்பை அது எதுக்காகச் செஞ்சாங்களோ அதுக்காக நீட்டினேன். முனை உன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. கையைத் தூக்குனாப் போதும். "பிடிடா, பிடிடா"ன்னு கத்துறேன்.

நீ கையைத் தூக்குன. ரெண்டு கையையும். கம்பைப் பார்த்த, என்னையப் பார்த்த, ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்ட. பொத்திக்கிட்டே உள்ள போன.

காலு இழுத்ததுல நீ முங்கலை ராசா. நான் அடிக்க வாரேன்னு நினைச்சு முங்குன. சாகப்போற புள்ளை, முன்னாடி கம்பு இருக்கு, அதைப் பிடிச்சா உசுரு. அதை விட அம்மா அடி பெருசாத் தெரிஞ்சிருக்கு உனக்கு. கம்பை எறிஞ்சிட்டுக் குதிச்சேன். அடியில தரையில கிடந்த. தூக்கிப் போட்டு நெஞ்சை அமுக்கினேன், கன்னத்துல தட்டினேன், ஆத்தா ஆத்தான்னு அலறினேன். மூக்குல ரத்தம் வந்துச்சு, வாயில தண்ணி வந்துச்சு. கண்ணைத் திறந்து என்னையப் பார்த்து நீ முதல்ல சொன்னது: "இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கும்மா, முடிச்சிர்றேன், அடிக்காத."

அதைக் கேட்டுட்டு அன்னைக்கே இந்த வேலையை விட்டிருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உங்கப்பாகிட்ட, "கால்ல நரம்பு இழுத்துருச்சு, ஒண்ணுமில்லை"ன்னு சொன்னேன். மறுநாள் காலையில உன்னைய எழுப்பி மறுபடி குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நீ போகமாட்டேன்னு சொல்லவே இல்லை, அதை நான் தைரியம்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் கம்பை நான் தொடலை, நிசம்தான். ஆனா அடிக்கிறதை விடலைடா. கம்புக்குப் பதிலா கையால அடிச்சேன். குனிஞ்சு, முடியைப் பிடிச்சு, செவிட்டுல. நீ பார்த்தது அதைத்தான், கத்துக்கிட்டதும் அதைத்தான். நஸ்ரின் காதுல விழுந்த அறை நான் கம்பைக் கீழ போட்ட அன்னைக்குக் கையில எடுத்தது.

அப்ப எப்படித்தான் புள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கிறதுன்னு கேப்ப. எனக்கு முழுசாத் தெரியாது, நான் அந்த வழியில போனதே இல்லை. ரெண்டே ரெண்டு விசயம் மட்டும் இப்பத் தெரியும். விளிம்பைப் பிடிக்கிற புள்ளை சோம்பேறி இல்லை, அதுக்கு மூச்சு முட்டுது, பிடிக்கத்தான் அங்க விளிம்பு வச்சிருக்காங்க. இன்னொண்ணு, நீ ஓரத்துல நடக்குறப்ப புள்ளைக எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புதுன்னு பாரு. அம்புட்டும் உன் பக்கமே திரும்புச்சுன்னா அதுக உன்கிட்ட எதையும் கத்துக்கலை, உன் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்குதுக. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அறுபத்தொரு வயசு ஆகியிருக்கு. உனக்கு இப்ப முப்பத்தொண்ணு.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். கண்டிப்பா வாரேன். அவனியாபுரத்துல இருந்து ஷேர் ஆட்டோ பிடிச்சு, கப்பலூர் ரோட்டுல இறங்கி நடந்தே வந்துருவேன், என்னையக் கூப்பிட யாரையும் அனுப்பாத. நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல மாட்டேன். "அந்தப் புள்ளையை அடிச்சது எம்மகன். அடிக்கக் கத்துக்குடுத்தது நான். இந்தா இங்க உட்கார்ந்திருக்கிற சிக்கந்தரோட விரலை ஒடிச்சதும் நான்தான், என் பேரையும் சேர்த்து எழுதிக்கங்க. எம்மகனை இனிமே புள்ளைக பக்கத்துல விடாதீங்க"ன்னு சொல்லப் போறேன். நீ பன்னிரண்டு வயசுல தலையைப் பொத்துனதையும் அத்தனை பேர் முன்னாடியும் சொல்லுவேன். உன் மெடல் கதை அதோட முடிஞ்சுபோகும். வேலை போகும். கேஸ்னு போனா போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடவே வருவேன், எனக்கு என்ன தண்டனை உண்டோ அதையும் குடுக்கட்டும். அதை முடிச்சிட்டு நஸ்ரின் வீட்டுக்குப் போய் அந்தப் புள்ளை முன்னாடி உட்காரணும். நீ வந்தா சேர்ந்து போவோம். வரலைன்னா நான் மட்டும் போறேன்.

பெத்தவளே காட்டிக்குடுத்துட்டாளேன்னு உனக்குப் பொங்கும். கையில கிடைச்சதை உடைப்ப. அங்க வச்சே என்னைய அடிக்கணும்னு கூடத் தோணும், நீ எனக்குப் பிறந்தவன், எனக்குத் தெரியாதா? உன்னையக் கைவிடுறேன்னு நினைச்சுக்காத. பத்தொன்பது வருசமா நீ அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்குற, நான் ஓரத்துல நின்னு உன் மெடலைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் குதிக்கிறேன், லேட்டுதான்.

பேசி முடிச்சதும் உன் பக்கத்து நாற்காலியிலதான் வந்து உட்காருவேன், வேற எங்கயும் உட்கார மாட்டேன். உட்கார்ந்து உன் கையைப் பிடிக்க வருவேன். அப்ப நீ சுருங்குவ. நீ கவனிச்சதில்லை, நான் கவனிச்சிருக்கேன்: இம்புட்டு வயசாகியும், சோறு போட நான் கரண்டியைத் தூக்குனா உன் கண்ணு ஒரு செகண்டு மூடித் திறக்குது. சனிக்கிழமை மட்டும் மூடாதடா. என் கை உன் பக்கம் வரும்போது தலையைப் பொத்தாத ராசா. பிடிச்சுக்க.

உன் அம்மா